கேட்காமலே எடுத்து வைத்தவள்

மதியச் சாப்பாடு முடிந்து திரும்பிய நூலகர், பூட்டைத் திறந்து உள்ளே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். காலையில் இல்லாத அந்துருண்டை நெடி. வெளியே மழைமேகம் கறுத்து நின்றது. அலமாரிகளுக்கு நடுவே பட்டப்பகலிலேயே இருட்டு.

ஆண்டு விழாவுக்காக நூலகத்தின் வரலாற்றை அவள்தான் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தாள். மனை கொடுத்தது யார், எந்த வெள்ளத்தில் கூரை சரிந்தது, எல்லாம் இருந்தது. ஆயுசு முழுக்க இங்கேயே உழைத்து, இந்த நாற்காலியிலேயே உயிரை விட்ட முதல் நூலகர் மட்டும் இல்லை.

"அந்தம்மாவைக் காணோமே?" என்று காலையிலேயே தபால்காரர் கேட்டுவிட்டார்.

"இடம் பத்தலைங்க ஐயா."

"அவங்களுக்கா இடம் இல்லை? வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், யாருக்கு எந்தப் புத்தகம்னு மேசையில எடுத்து வெச்சிருப்பாங்க. நாம வாயைத் திறக்கவே வேண்டாம்!"

செத்தும் புகழ் ஓயவில்லை. நூலகருக்கு வயிறு எரிந்தது.

இப்போது மேசையைப் பார்த்தாள்.

புத்தகங்கள் எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

என்ன ஏதென்று யோசிப்பதற்குள் தையற்காரி வந்துவிட்டாள். மேலே இருந்ததை எடுத்தவள் முகம் மலர்ந்தது. "அட, நேத்துதான் இதை நினைச்சேன்! நீங்களா எடுத்து வெச்சீங்க?"

நூலகர் தயங்கினாள். ஒரே கணம்தான்.

"பின்னே? நானேதான்."

"அந்தம்மாவையே மிஞ்சிட்டீங்க, போங்க!"

எத்தனை வருஷத்து ஏக்கம்! அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகு காது குளிர்ந்தது.

"நீயா?"

திரும்பினாள். யாருமில்லை. நாற்காலி மட்டும் மெல்ல முனகியது, யாரோ சாய்ந்து உட்கார்ந்த மாதிரி.

"அக்கா, உங்களுக்குக் கேட்டுச்சா?"

தையற்காரி பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நூலகர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஈயை விரட்டுவதுபோலத் தையற்காரி தோளை உதறிக்கொண்டாள்.

குடையை மடக்கியபடி தபால்காரர் உள்ளே வந்தார்.

"ஐயா! இங்க பாருங்க, என்னைப் பாருங்க!"

அவர் நேரே அவளிடம்தான் வந்தார். ஆனால் பார்வை அவளைத் தாண்டி, நாற்காலியில் போய் நின்றது.

"இன்னிக்கு நூலகர் வரலையாம்மா?"

நான் இங்கேதான் நிற்கிறேன் என்று அவள் அலறினாள். தையற்காரி நிதானமாக அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

நூலகர் முதுகுக்குப் பின்னாலிருந்து, அவசரமே இல்லாத ஒரு குரல்.

"எந்த நூலகர்?"

தபால்காரர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"அதானே," என்று சிரித்தபடி உட்கார்ந்தார்.