கூத்து முடிந்த மத்தியானம்

சிமியோன் நித்திரையில் இருந்தான்; அவனது வலது கால் மட்டும் நித்திரையில் இல்லை. பெருவிரல் பாயை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நேசரத்தினம் புருஷனின் காலையே பார்த்தாள். கோயில் முன்றலில் விடிய விடியக் கூத்தாடிய ஆம்பிளைகள் குருநகர் முழுக்க இப்படித்தான் விழுந்து கிடந்தார்கள். உச்சி வெயிலில் ஒழுங்கை வெறுமையாய்க் கிடக்க, காயும் வலையின் பாசி மணமும், கருவாட்டு மணமும், கூத்துக்குப் பூசி அவன் காதோரம் கழுவாமல் விட்ட முத்துவெள்ளையின் மணமும் ஒன்றாய்த் திரண்டு வீட்டுக்குள் கனத்திருந்தன.

"மாமி, இவரின்ரை காலைப் பாருங்கோ."

செபஸ்தியம்மா செபமாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆட்டம் இன்னும் இறங்கேல்லை. ஏன், ராணியைக் கொல்லத் திரிஞ்சவன் எண்டு பயமோ? நீயும் பாப்பரசருக்குப் பணியாத சாதிதானே!"

கூத்தின் கதை அதுதான். பாப்பரசருக்குப் பணியாத இங்கிலாந்து ராணியைப் பதிதை என்று சொல்லி, ஐந்து பிரபுக்கள் கொல்லச் சதி செய்வார்கள். சதி வெளிப்பட்டுவிடும், ராணி தப்பிவிடுவாள். சிமியோன் ஐவரில் ஒருவன். உடுப்பிட்டிப் புரட்டஸ்தாந்து மிஷன் கோயிலில் வளர்ந்த நேசரத்தினத்துக்கு இது ஏழாம் மாசம். பிள்ளை பிறக்கமுன் அவள் கத்தோலிக்கத்துக்கு மாறவேண்டும் என்று மாமி நின்றாள். மாறமாட்டேன் என்று அவள் நின்றாள்.

"மாமி, ராணியைக் கொல்லுவம் எண்டு சத்தியம் பண்ணேக்கை அவை தொட்ட பாடுபட்ட சுரூபம், அந்தச் சிலுவை, கூத்துக்கெண்டு செய்ததோ?"

"சீச்சீ! கூத்துப் பழக்கின அண்ணாவியார் கனிசியஸ் கோயில் பீடத்திலை இருந்ததையெல்லே இறக்கிக் குடுத்தவர். பொய்ச் சுரூபத்தைத் தொட்டால் ஆட்களுக்குப் பாட்டு வராதாம்."

"அப்ப மெய்ச் சத்தியமெல்லே பண்ணியிருக்கினம்?"

"கூத்துத்தானேயடி..."

"ராணி தப்பியிட்டாள். சத்தியம் எங்கை போகும், மாமி?"

செபமாலை நின்றது.

சிமியோனின் காலும் நின்றது.

அவன் எழுந்தான். மெதுவாக, தண்ணீருக்குள் எழுவதுபோல. கண் திறக்கவில்லை.

"இஞ்சேருங்கோ... எங்கை போறியள்?"

அவளைக் கடந்து அடுப்படிக்குள் போனான். எங்கும் முட்டவில்லை. மீன் வெட்டும் கத்தியைக் கை தேடவில்லை; எடுத்தது.

பக்கத்து வீட்டுப் படலை கிரீச்சிட்டது. வேலிக்கு மேலால் அடைக்கலநாதனின் தலை; ஐவரில் இன்னொருவன். வெறும் மேல். மூடிய கண்.

"அடைக்கலம்! எங்கையடா?" செபஸ்தியம்மா கத்தினாள்.

இன்னொரு படலை. இன்னொன்று. இன்னொன்று. வெறுங்கால்கள் மணலில் அரையும் சத்தம். எல்லாம் ஒரே தாளத்தில். முற்றத்துக்குள் வந்தார்கள். சிமியோனும் சேர ஐவரும் வட்டமாக நின்றார்கள். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

நேசரத்தினம் வயிற்றைப் பொத்தினாள்.

"சிலுவை போடு பிள்ளை!" மாமி எழுந்து அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "மாறுறன் எண்டு சொல்லு. இப்பவே. அவைக்குக் கேக்கச் சொல்லு!"

மறுத்துவந்த வாய் திறந்தது. "மாறுறன்... நான் மாறுறன், மாமி!"

ஐவரும் அவளை நோக்கி நகர்ந்தார்கள். ஒரு அடி. இன்னொரு அடி. சிமியோன் முன்னால்.

சிலுவை போட வலது கையைத் தூக்கப் பார்த்தாள். கை எழவில்லை. மாமி மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"விடுங்கோ மாமி."

பிடி இறுகியது.

திரும்பிப் பார்த்தாள். செபஸ்தியம்மாவின் கண்களும் மூடியிருந்தன; உதடுகள் ஐவரின் உதடுகளோடு சத்தமின்றி அசைந்தன.