வளர இடம் விட்ட முடிச்சு

பள்ளிக்கூடத்துக்குச் சாக்ஸ் மாட்டிவிடக் குனிந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். மகளின் கணுக்காலில் ஒரு டேக் கட்டியிருந்தது. வேலையில் அவள் செடிகளுக்கு அடையாளமாகக் கட்டும் அலுமினியத் தகடு இல்லை. மரப்பட்டையிலிருந்து உரித்த நக அளவுத் துண்டு, ஈரமான வேர்நாரில் கோத்தது. மோந்து பார்த்தால் அணைச் சேற்று வாடை. அதுகூடப் பரவாயில்லை, பிள்ளைகள் கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு திரியும். அவள் கண் நின்றது அந்த முடிச்சில். தண்டு பருக்கும்போது அறுத்துவிடாமல் இருக்க, ஒரு விரல் நுழைய இடம் விட்டு, நுனியைப் பின்பக்கம் மடித்துப் போடுகிற முடிச்சு. அவளுக்குத் தெரிந்து அப்படி முடிச்சுப் போடுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

"யாருடி கட்டினா இதை?"

"நீதானேம்மா. தூங்கும்போது."

"நானா?"

"ஆமா. கை ஜில்லுன்னு இருந்துச்சு."

கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்த கணவன் சிரித்தான். அணையில் ஷட்டர் ஆபரேட்டர் அவன். "சரியாப் போச்சு. கனவுலயும் வேலை பாக்குறா உங்கம்மா." லுங்கியை லேசாகத் தூக்கி வெறும் காலை நீட்டிக் காட்டினான். "எனக்கு மட்டும் கட்டல பாரு. நான் என்ன களையா?"

வேன் ஹாரன் அடித்தது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதன்மேலேயே சாக்ஸை இழுத்துவிட்டாள். பின்கழுத்து அரித்தது. சொறிந்துகொண்டே ரப்பர் பூட்ஸைத் தேடினாள்.

அணையை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். இந்த மழைக்குத் தண்ணீர் ஏறினால் கரையோரச் சரிவு முழுக்க முழுகும். தண்ணீர் ஏறி இறங்கும் அந்தச் சரிவில்தான் வேறெங்கும் முளைக்காதவை எல்லாம் முளைக்கும். கோரையில் மட்டுமே எத்தனை வகை! இலை நுனியில் பசைத் துளி வைத்துக்கொண்டு பூச்சி பிடிக்கும் சிவப்புக் குட்டிச்செடி, சேறு காயும்போது மட்டும் பூத்து விதை போட்டுச் செத்துப்போகும் நீலப்பூ, இன்னும் பேர் வைக்காததுகூட இருந்தது. முடிந்தவரை தோண்டி மேட்டு நாற்றங்காலில் நடுவது அவள் வேலை. எல்லாவற்றையும் தூக்க ஆளும் இல்லை, இடமும் இல்லை. பிழைக்கும் என்று தோன்றுகிறதற்கு மட்டும் டேக். மற்றது தண்ணீருக்கு.

ஒருநாள் மகளையும் கூட்டிப்போயிருந்தாள். "டேக் கட்டாததெல்லாம் என்னம்மா ஆகும்?" என்று கேட்டது குட்டி. கீழே பார்க்காமல் வா என்று மட்டும் சொன்னாள். அதுதான் அவள் வைத்திருந்த ஒரே வைத்தியம். பார்த்தால் கை ஓடாது. பாவிகளே, நான் என்ன செய்வேன் என்று ஒரு தடவை சேற்றிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டேக். அப்புறம் கொத்துக்கரண்டியால் செடியைச் சுற்றி வட்டமாக ஒரு வெட்டு. வேர் வெளியே ஓடாமல் உள்ளுக்குள்ளேயே திரள வேண்டும். அப்புறம் மண் வேரோடு கட்டியாகப் பிடிக்கிற மாதிரி நிறையத் தண்ணீர். கடைசியாக, வெயில் தாழ்ந்தபின், அடியில் கை கொடுத்து மண்ணோடு ஒரே தூக்கு. ஒட்டிக்கொண்டு வேறு செடி எதுவும் கூடவே வந்தால், டேக் இல்லாவிட்டால், அதை எடுத்துவிட வேண்டும். வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. பின்னிக்கிடக்கும் வேரை ஒவ்வொன்றாகப் பிரித்து, கீழேயே விட்டுவிட வேண்டும்.

சாயங்காலம் டேக்கை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு அசையவில்லை. கத்தரிக்கோலை எடுத்தால் பிள்ளை வீல் என்று கத்தியது. "வேணாம்மா, அது எனக்குப் பிடிச்சிருக்கு." போகட்டும், சனியன், நாளைக்குத் தானாக நைந்து விழும் என்று விட்டாள்.

மறுநாள் காலையில் மகளின் பாயைச் சுருட்டியபோது சிமெண்ட் தரையில் ஒரு கோடு தெரிந்தது. மயிரிழை விரிசல். பாய் கிடந்த இடத்தைச் சுற்றிச் சீராக ஓடி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்திருந்தது. கணவன் குனிந்து பார்த்துவிட்டு, "தளம் போட்ட கான்ட்ராக்டரைத்தான் உதைக்கணும்" என்றான். அவள் விரலால் அந்தக் கோட்டைச் சுற்றி வந்தாள். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவளுக்கே நம்பிக்கை இல்லை.

அன்றிரவு மகளைக் கட்டிக்கொண்டு கட்டிலில்தான் படுத்தாள். விழித்தபோது இருவரும் கீழே, அந்த வட்டத்துக்குள். பிள்ளை தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. காய்ச்சல் இல்லை, கூரை ஒழுகவில்லை. அவளுடைய நைட்டியும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பிள்ளையை அணைத்துப் படுத்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீரில் பாசி வாடை.

டேக். வட்டம். தண்ணீர்.

மீதி ஒன்றுதான். வெயில் தாழ்ந்தபின்.

வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. கணவன் டியூட்டிக்குக் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு நாள் லீவு போடுங்களேன்."

"பைத்தியமா உனக்கு? மேல எப்படி மழை கொட்டுதுன்னு பாத்தியா? இன்னைக்குப் போய் லீவு கேட்டா வேலையை விட்டே தூக்கிடுவான்." நின்று அவள் முகத்தைப் பார்த்தான். "தலையையாவது வாரிக்கோடி, பரதேசி மாதிரி இருக்க." கன்னத்தில் தட்டிவிட்டுப் போனான்.

மழை அவன் போனதும் வலுத்தது. அவள் ஜன்னல்களைத் தாழிட்டாள், கதவிடுக்கில் பழந்துணி திணித்தாள், விரிசல் விழுந்த அறையைப் பூட்டிவிட்டு மகளோடு சமையலறையில் உட்கார்ந்தாள். மத்தியானம் கரண்ட் போயிற்று. கூரையில் விழும் மழை, வாளியில் சொட்டும் குழாய், அடுப்படியில் அணையாமல் எரிந்த ஒரே பர்னர், இத்தனைக்கும் அடியில் இன்னொரு சத்தம். மெத்தென்று, ஈரமாக, யாரோ கொத்துக்கரண்டியால் மண்ணை இளக்குகிற சத்தம். அந்தச் சத்தத்தை அவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள். அது தரைக்கு அடியிலிருந்து வந்தது.

ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் மங்கியது.

அவள் கீழே பார்த்தாள். உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிச் சமையலறைத் தரையிலும் விரிசல் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, வேணாம்!"

"பேசாத. பேசாதடி, என் தங்கம்." மகளின் காலைத் தன் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டு கத்தரிக்கோலை நுழைத்தாள். வளர விட்டிருந்த இடத்தில் அது சுலபமாக நுழைந்தது. ஒரே வெட்டு. நார் அறுந்த இடத்தில் பால் வடிந்தது. டேக்கை அடுப்பில் போட்டாள். சுருண்டு கருகியது.

சத்தம் நின்றது.

அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். போயிற்று. பிள்ளையை உச்சிமோந்தாள். போயிற்றுடி கண்ணு, இனிமேல் ஒண்ணும் இல்லை.

போன் அடித்தது. கணவன்.

"ஷட்டர் ஏற மாட்டேங்குது!" மழையை மிஞ்சிக் கத்தினான். "கரை போகுதுடி. புதுசாக் கட்டின இடம் அப்படியே பிளக்குது. பாப்பாவைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடு! நிக்காத, ஓடு!"

"நீங்க?"

பெரிய சத்தம் ஒன்று, அப்புறம் போனில் எதுவும் இல்லை.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். தாழ் விலகியது, கதவு அசையவில்லை. வெளியே தண்ணீர் அதை அழுத்திக்கொண்டிருந்தது. கதவிடுக்குத் துணி நனைந்து, பிதுங்கி, உள்ளே விழுந்தது. சேற்றுத் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. ஜில்லென்று.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

டேக் கட்டுவது கொல்வதற்கா? ஐயோ, அவளைவிட அது யாருக்குத் தெரியும்? முழுகப்போகும் இடத்திலிருந்து மேட்டுக்குத் தூக்க வேண்டியதற்குத்தானே கட்டுவது. பிழைக்கட்டும் என்றுதானே கட்டுவது. கணவன் வெறுங்காலை நீட்டியது நினைவு வந்தது. நான் என்ன களையா?

அடுப்பைப் பார்த்தாள். கரிகூட மிஞ்சவில்லை.

"அம்மா, உன் கழுத்துல..."

முழங்கால் வரை தண்ணீர். பின்கழுத்தில், வாராமல் சிக்கலாகக் கிடந்த கூந்தலுக்குள் கையை விட்டாள். நக அளவுத் துண்டு. ஈர நார். ஒரு விரல் நுழைய இடம்.

பிய்த்தாள். வரவில்லை. முடியோடு சேர்த்து இழுத்தாள். வரவில்லை. இதைக் குட்டிக்குக் கட்டிவிட்டால் போதும், சாமி, இதை மட்டும் கட்டவிடு. கத்தரிக்கோல் எங்கே? அடுப்படிக்குத் திரும்பி, உட்கார்ந்திருந்த இடத்தில் தண்ணீருக்குள் துழாவினாள். கிடைக்கவில்லை.

காலடியில் தரை வட்டமாகப் பெயர்ந்தது. சிமெண்டும் மண்ணுமாக, ஒரே கட்டியாக, அடியில் ஏதோ பரந்து ஏந்த, அவள் மேலே எழும்பினாள். கூரை ஓடுகள் சத்தமில்லாமல் விலகின. மழை முகத்தில் அடித்தது. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கினாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ. அம்மாவை விட்றாத!"

குட்டி இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அந்தக் கைகளின் மேல் இன்னொன்று வந்து படிந்தது. ஜில்லென்று, வேர் போல மெலிந்து, அவசரமே இல்லாமல்.

அது பிடுங்கவில்லை. சுண்டு விரலை முதலில் பிரித்தது. அப்புறம் அடுத்தது. அவள் கத்தினாள், கடித்தாள், இவளும் என்னோடதுதான், இவளும் என்னோடதுதான் என்று கெஞ்சினாள். அது அடுத்த விரலுக்குப் போனது. எதுவும் ஒடியாமல், ஒரு நகம்கூடக் கீறாமல், அவளே சேற்றில் உட்கார்ந்து செய்கிற பக்குவத்தோடு.

கீழே தண்ணீரிலிருந்து "அம்மா" என்று ஒரு தடவை கேட்டது. அவள் குனிந்து பார்க்கத் திமிறினாள். ஈரமான ஏதோ ஒன்று அவள் கண்களைப் பதமாகப் பொத்தி, முகத்தை மேட்டுப் பக்கம் திருப்பியது.