கருடன் போன ஊர்வலம்

கருடன் கண்ணை மூடிச் சாமி கும்பிடுகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். லோகேஸ்வரிக்கு அப்படித் தோன்றவில்லை. போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவளும் இப்படித்தான் கண்ணை மூடிக் கிடந்தாள்.

அது புரட்டாசிச் சனிக்கிழமை. மூடா ஆற்றை ஒட்டிய செம்பனைத் தோட்டத்துப் பெருமாள் கோவிலில் காலையிலேயே கூட்டம். வெள்ளைக் கழுத்தும் செம்மண் நிற இறக்கையுமாக ஒரு கருடன், முந்தின நாள் சாயங்காலம் கோவில் வாசலில் வந்து விழுந்திருந்தது. பெருமாளைத் தேடி அவருடைய வாகனமே வந்துவிட்டது என்றால் சும்மாவா? பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள்.

கோவில் தலைவர் ராமையா அதற்குப் பட்டுத்துணி விரித்திருந்தார். நாய் கிட்டே வராமல் ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே காவல் இருந்ததில் அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு கிண்ணத்தில் பாலை நீட்டி, "ஒரு வாய் குடி சாமி" என்று கெஞ்சினார்.

கருடன் தலையைத் திருப்பிக்கொண்டது.

"அதுவும் விரதம் லா!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

லோகா குனிந்து பார்த்தாள். இடது இறக்கையைச் சுற்றி, மீன் பிடிக்கிற நைலான் நூல் இறுகிக் கிடந்தது.

"அம்மா, நம்ம பூனைக்கு ஊசி போட்ட டாக்டருக்குப் போன் பண்ணும்மா."

அம்மா புஷ்பவள்ளி வீடியோவில் கூப்பிட்டாள். சுங்கை பட்டாணியிலிருந்து டாக்டர் ஷாமளா பார்த்தார். பார்த்ததுமே குரலை உயர்த்தினார்.

"முதல்ல அந்தப் பாலை எடுங்க! பறவைக்குப் பால் செரிக்காது. வாயில ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். நூலையும் யாரும் இழுக்காதீங்க, இறக்கை பிஞ்சிரும். அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு, உள்ளே இருட்டா வைங்க. சத்தம் கூடவே கூடாது. வனவிலங்கு இலாகாவுக்கு நான் சொல்லிடுறேன். அவங்க இப்ப ஜித்ரா பக்கம் இருக்காங்க, வர சாயங்காலம் ஆகும்."

"அது வரைக்கும் தாங்குமா டாக்டர்?" என்று கேட்டாள் லோகா.

டாக்டர் திரைக்குக் கிட்டே வந்து இன்னொரு முறை உற்றுப் பார்த்தார்.

"ரொம்ப மெலிஞ்சு போச்சும்மா. சாப்பிட்டுப் பல நாள் ஆயிருக்கும் போல. பச்சை மீனை முள்ளில்லாம, சின்னத் துண்டா வெட்டி முன்னால வைங்க. தானா எடுத்துச் சாப்பிட்டா நம்பிக்கை இருக்கு."

பச்சை மீன்!

புரட்டாசி பிறந்ததிலிருந்து அந்தத் தோட்டத்தில் பாதி வீட்டில் முட்டைகூட உடைக்கவில்லை.

"பெருமாள் கோவில்ல மீனா? கேக்கவே நல்லா இல்லையே பாப்பா," என்றார் ராமையா.

"அப்ப வெளியே கொண்டு போயிரலாம் மாமா. எதிர்த்தாப்புல ஜோசபின் ஆன்ட்டி வீட்டுல மீன் இருக்கும்."

"தேடி வந்த கருடனை நாமளே வெளிய அனுப்புறதா? அது பாவம் இல்லையா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அழுதுவிடுவார் போலச் சொன்னார். லோகா கருடனைப் பார்த்தாள். அதன் தலை மெல்லத் தொங்கி, துணியைத் தொட்டது.

அப்போதுதான் மூலையில், போர்வை போட்டு மூடியிருந்த மரவாகனம் அவள் கண்ணில் பட்டது.

"மாமா, திருவிழாவுக்குப் பெருமாள் வெளியே போவாரே?"

"ஆமா, ஊர்வலம். தோட்டம் முழுக்கச் சுத்தி வருவாரு."

"எது மேல உக்காந்து?"

"இது என்ன கேள்வி? கருட..." ராமையாவின் வாய் பாதியில் நின்றது.

"அப்ப வருஷா வருஷம் கருடனும் வெளியே போகுதே மாமா. ஜோசபின் ஆன்ட்டி வீட்டு வாசல்லகூட நின்னுட்டுத்தானே வருது?"

ராமையா லோகாவைப் பார்த்தார். பெருமாளைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பெட்டி எங்கப்பா?" என்றார்.

ஊர்வலம் என்ற சொல் காதில் விழுந்ததும் இரண்டு பையன்கள் உறுமி மேளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"அடிக்காதீங்க! டாக்டர் சத்தம் கூடாதுன்னாங்க," என்று லோகா கையைக் காட்டினாள். பையன்களுக்கு முகம் தொங்கிப்போனது. ஆனாலும் மேளத்தைச் சும்மா தூக்கிக்கொண்டே பின்னால் நடந்தார்கள்.

முன்னால் ராமையா பெட்டியைச் சுமக்க, ஐம்பது பேர் செருப்புச் சத்தம்கூட இல்லாமல் சாலையைக் கடந்தார்கள். அந்தத் தோட்டத்தில் அப்படி ஓர் ஊர்வலம் அதுவரை நடந்ததில்லை.

வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஜோசபின் பதறி எழுந்தார். "ஐயோ அண்ணே, சாமியோட வந்திருக்கீங்க! நான் கெம்போங் மீனும் கையுமா நிக்கிறேனே!"

"அதுதான் ஆன்ட்டி வேணும்," என்றாள் லோகா.

ஜோசபின் முள்ளை எடுத்து, நகம் அளவு துண்டுகளாக வெட்டிக் கொடுத்தார். லோகா தட்டைப் பெட்டிக்குள் மெல்லத் தள்ளினாள். ராமையா வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடமும் போனது. லோகா ஓட்டை வழியாகப் பார்த்தாள். கருடன் ஒரு கண்ணைத் திறந்தது. அலகு அசைந்தது.

"என்னாச்சு?" வேலியைப் பார்த்தபடியே கேட்டார் ராமையா.

"ஒரு துண்டு எடுத்திருச்சு மாமா!"

அவர் அப்போதும் திரும்பவில்லை. "இன்னும் ரெண்டு வெட்டச் சொல்லு."

சாயங்காலம் இலாகா ஆட்கள் வந்து கருடனை எடுத்துப் போனார்கள். நூலை அறுத்து எடுத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, பறக்கவும் பழக்கினார்கள். அதற்கே ஆறு வாரம் ஆனது.

கோத்தா கோலா மூடாவில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அதை விட்டார்கள். லோகாவும் அம்மாவும் ஜோசபினும் போயிருந்தார்கள். ராமையாவும்தான்.

பெட்டி திறந்ததும் கருடன் சற்று நேரம் காற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பிறகு இரண்டு இறக்கையையும் முழுசாக விரித்து எழும்பியது. படகில் வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள் ஒரு சின்ன மீனைத் தண்ணீரில் எறிந்தார்கள். கருடன் சாய்ந்து இறங்கி, நீரைத் தொட்டும் தொடாமலும் அதைக் காலில் அள்ளி, பறந்துகொண்டே தின்றது.

லோகா திரும்பிப் பார்த்தாள். ராமையா இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசித் துண்டு தீரும்வரை கைகூப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.