சொந்தக்காரர் ஓட்டினால் மட்டும்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

திருகோணமலைத் துறைமுகம். அரிசிக் கிட்டங்கி. காலை ஒன்பதேகால் மணி.

கலீலுர் றஹ்மான் டெலிபோனை எடுத்தான். வயது இருபத்து நாலு. கிட்டங்கிக் கிளாக்கர். கல்யாணமாகி நாற்பது நாள். மோட்டர் சைக்கிள் ஓட்டத் தொடங்கிப் பதினொரு நாள்.

"ஹலோ..."

"கலீலுர் றஹ்மானா?"

ஆண் குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"ஓம். ஆர் கதைக்கிறது?"

"அது உங்களுக்குத் தேவையில்ல. நேத்துப் பின்னேரம் சீனக்குடா வளைவில நீங்க அடிச்ச ஆள்..."

றஹ்மான் ரிசீவரைக் காதோடு இறுக்கினான்.

"...விடியச் சுபஹோட மௌத்தாகிட்டார்."

"இன்னாலில்லாஹி..."

கதிரையைத் தேடினான். அது பின்னால்தான் இருந்தது. கண்ணில் படவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்!

"நான் மௌத்தானவர்ட தம்பி. பொலிசுக்கு இன்னும் போகல்ல. போகவா?"

"வேணாம்! வேணாம் நானா... உங்களைச் சொந்த அண்ணனா நினைச்சுக் கேட்கிறன்... எனக்கு... எனக்கு இன்சூரன்ஸ் இருக்கு..."

டெலிபோனுக்குள் சிரிப்பு.

"எந்த இன்சூரன்ஸ்? சொந்தக்காரர் ஓடினா மட்டும் காசு குடுக்கிற இன்சூரன்சா? மோட்டர் சைக்கிள் உங்கட பொஞ்சாதி ஸல்ஹாட பேரில. ஓடினது நீங்க. கம்பனி ஒரு சதமும் தராது. மறியல்ல கம்பி எண்ணத்தான் போறீங்க!"

"நானா... உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க..."

"அந்த பி.எஸ்.ஏ. மோட்டர் சைக்கிள் வேணும். பேர் மாத்துற ஃபோமில உங்கட பொஞ்சாதிட ஒப்பத்தோட. நாளைக்கு ஜும்ஆவுக்கு முதல்."

டொக்!

லைன் செத்துப் போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். போவோம். சுருக்கமாக.

றஹ்மானின் மாமனார் ஸைனுலாப்தீன் கிண்ணியாவில் நெல் வியாபாரி. போன வருடம் வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டியபோது, ஒரு சிப்பாய் விற்றுவிட்டுப் போன பி.எஸ்.ஏ.யை வாங்கி மகளின் சீதனத்தோடு சேர்த்தார். வீடு மகள் பேரில். வயல் மகள் பேரில். மோட்டர் சைக்கிளும் மகள் பேரில். அந்த ஊர் வழக்கம் அது.

றஹ்மான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. மனைவி அவனுக்கு. அப்படியென்றால் மனைவியின் மோட்டர் சைக்கிளும் அவனுக்குத்தானே!

காப்புறுதி ஏஜன்ட் ஸஹாப்தீன் கறுத்தப் பையோடு கிட்டங்கிக்கே வந்தார். வாய் நிறையச் சிரிப்பு.

"மூண்டு விதம் இருக்கு தம்பி. முழுக் காப்புறுதி எண்டா நூத்தி நாப்பது ரூவா. வண்டி உடைஞ்சாலும், களவு போனாலும், ஆள் அடிபட்டாலும் கம்பனி பார்க்கும்."

"அடேயப்பா! அடுத்தது?"

"மூண்டாம் ஆளுக்கு மட்டும். அறுவது ரூவா. உங்கட வண்டி உடைஞ்சா ஒண்டும் இல்ல. அடிபட்ட ஆளுக்குக் கம்பனி குடுக்கும். ஆர் ஓடினாலும் சரி."

"ஆகக் குறைஞ்சது என்ன நானா?"

ஸஹாப்தீன் மோட்டர் சைக்கிளின் பதிவுப் புத்தகத்தை விரித்தார். பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு. அதுவும் மூண்டாம் ஆளுக்குத்தான். ஆனா சொந்தக்காரர் ஓடினா மட்டும்."

"சொந்தக்காரன்தானே ஓடப்போறது!" என்று நெஞ்சைத் தட்டினான் றஹ்மான்.

ஏஜன்ட் பேனாவைத் திறந்து, புத்தகத்தில் இருந்த ஸல்ஹாவின் பேரையே பொலிசியில் எழுதினார்.

இருபத்தைந்து ரூபாய் மிச்சம் பிடித்துவிட்ட சந்தோஷம் றஹ்மானுக்கு! ஏஜன்டுக்குத் தேத்தண்ணி வேறு வாங்கிக் கொடுத்தான். மடையன்!

நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு வேலை விட்டுக் கிண்ணியாவுக்குப் போகிற வழியில்தான் அது நடந்தது. வளைவில் ஒரு ஆள் மரத்துக்குப் பின்னாலிருந்து குறுக்கே வந்தான். றஹ்மான் பிரேக்குக்குப் பதிலாக எதையோ மிதித்தான். தட்! ஆள் விழுந்தான். தலையைத் தூக்கி மடியில் வைத்தால்... ரத்தம்! போட்டிருந்த கழுசான் முழுக்க ரத்தம்!

எங்கிருந்தோ ஒரு மாட்டு வண்டில் வந்தது.

"தம்பி, சனம் கூடினா உங்களை உயிரோட விடாது! நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன். நீங்க ஓடுங்க!" என்றான் வண்டில்காரன்.

றஹ்மான் மோட்டர் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி ஏறி ஓடிவிட்டான். அதுதான் அவனை இரவு முழுக்கத் தூங்கவிடாமல் அரித்தது. இப்போது அந்த ஆள் செத்தே போய்விட்டான்!

பத்து மணிக்கு றஹ்மான் ஏஜன்டின் மாடி அறையில் நின்றான். அழுதான். வெட்கமே இல்லாமல் அழுதான்.

"நானா, நீங்கதான் என்னைக் காப்பாத்தோணும்!"

ஸஹாப்தீன் தலையைச் சொறிந்தார்.

"நான் அண்டைக்கே சொன்னனான்தானே தம்பி, சொந்தக்காரர் ஓடினா மட்டும் எண்டு. நீங்கதான் நெஞ்சைத் தட்டினீங்க."

"அறுவது ரூவாப் பொலிசிக்கு மாத்த ஏலாதா? இப்பவே காசு தாறன்!"

"ஆள் மௌத்தான பிறகா? ஏலாது."

"பொலிசில போய் நடந்ததைச் சொன்னா?"

"சொல்லுங்க. அடிச்சுப்போட்டு ஓடினது ஒண்டு. காப்புறுதி இல்லாம ஓடினது ரெண்டு. ஆள் மௌத்தானது மூண்டு. ஆகக் குறைஞ்சது அஞ்சு வருசம்."

"அஞ்சு வருசமா!"

"வேலை போகும். பொஞ்சாதியை மாமனார் தலாக் வாங்கச் சொல்லுவார். நான் உங்களைப் பயப்படுத்தல்ல தம்பி..."

பயப்படுத்தாமலேயே பயந்துபோய் றஹ்மான் ஏஜன்டின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்டு செய்வம். அந்த ஆள்கள நீங்க பார்க்க வேணாம். பார்த்தா இன்னும் கேட்பாங்க. நாளைக்குப் பத்தரைக்கு நான் வீட்ட வாறன். ஃபோமும் கொண்டு வாறன். உங்கட பொஞ்சாதி ஒப்பம் வச்சுத் தந்தா, வண்டியை நானே கொண்டு போய்க் குடுத்துடுறன்."

"பெரிய உபகாரம் நானா!"

மறுபடியும் தேத்தண்ணி! இந்த முறையும் காசு கொடுத்தது றஹ்மான்தான்.

காலையில் மோட்டர் சைக்கிளைத் தொடவே பயந்து வீட்டில் விட்டிருந்தான்; பஸ்ஸில் துறைக்கு வந்து, தோணியில் கிண்ணியாவுக்குக் கடந்து, வீட்டு வாசலில் நின்றபோது பகல் ஒரு மணி.

ஸல்ஹா குசினியில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. அதிகம் பேசமாட்டாள்.

"என்ன, பகலோட வந்திருக்கீங்க? காய்ச்சலா?"

"புள்ள... நான் ஒரு மனிசனக் கொலை செஞ்சிட்டன்!"

கத்தி நின்றது.

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். அடித்தது. ஓடியது. டெலிபோன். ஏஜன்ட்.

"நான் ஒப்பம் வைக்காட்டி?"

"மறியல்தான் புள்ள. எனக்கு வேற வழி தெரியல்ல. யோசிச்சு யோசிச்சுத் தலை வெடிக்குது. வாப்பா குடுத்த சீதனம் எண்டு தெரியும்... என்னை மன்னிச்சுக்க..."

"நேத்துப் போட்டிருந்த கழுசான் எங்க?"

"கிணத்தடியில ஒளிச்சு வச்சனான். ஏன்?"

ஸல்ஹா எழுந்து போனாள். கிணற்றடியில் மூன்று பூனைகள் அந்தக் கழுசானைச் சுற்றி நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. பூனைகளை விரட்டினாள். எடுத்து மோந்து பார்த்தாள். பேப்பரில் சுற்றினாள்.

"ஏஜன்ட் வரட்டும்" என்றாள். "நான் வாப்பாட வீட்ட போயிட்டு வாறன்."

"வாப்பாட்ட சொல்லாத புள்ள! அல்லாவுக்காக!"

அவள் போய்விட்டாள். விளக்கு வைக்கிற நேரம்தான் திரும்பி வந்தாள். வந்து சோறு போட்டாள். றஹ்மான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை. பத்தரை மணி.

ஏஜன்ட் சொன்ன நேரத்துக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்தார். ஃபோமை எடுத்து நீட்டினார். உள் அறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஸல்ஹா நின்றாள். ஒரு கை மட்டும் வெளியே வந்து ஃபோமை வாங்கியது.

"வாங்கிறவர்ட பேர் எழுதல்லையே?" என்றது திரை.

"அதைப் பிறகு எழுதலாம் புள்ள. நீங்க ஒப்பத்த வைங்க."

பேனா கிறுக்குகிற சத்தம். ஃபோம் திரும்பி வந்தது. ஸஹாப்தீன் அதை மடித்தார்...

அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது!

தொப்பி. பூட்ஸ். மீசை. சப் இன்ஸ்பெக்டர் கனகசுந்தரம்! பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்!

"கலீலுர் றஹ்மான் ஆர்?"

"ந... நான்தான் சேர்."

"உம்மைக் கைது செய்யிறன்."

முடிந்தது! எல்லாம் முடிந்தது! றஹ்மான் கைகளைக் கூப்பினான்.

"சேர், நான் வேணுமெண்டு அடிக்கல்ல! அந்த ஆள் குறுக்க பாஞ்சவர்..."

"அந்தக் கதையைப் பிறகு கதைப்பம். இப்ப களவுக்குத்தான் கைது."

"களவா? நான் என்னத்த எடுத்தன்?"

"மோட்டர் சைக்கிளை!"

"என்ட வண்டியை நானே களவெடுத்தனானா?"

"உம்மட வண்டியா? புத்தகத்தில ஸல்ஹா எண்டு கிடக்கு. முறைப்பாடு தந்ததும் அவதான்."

றஹ்மான் திரையைப் பார்த்தான். திரை அசையவில்லை. நாற்பது நாள் கூட வாழ்ந்தவள்! இப்படியும் ஒரு பெண் செய்வாளா? இந்த உலகத்தில் தனக்கென்று ஒருத்தரும் இல்லை என்று அந்த நிமிஷம் அவனுக்குத் தோன்றியது.

ஏஜன்ட் மெல்ல எழுந்தார்.

"இது குடும்ப விசயம் சேர். நான் வாறன்..."

"இரும் ஐசே! கையில என்ன?"

கான்ஸ்டபிள் ஃபோமைப் பறித்தான். எஸ்.ஐ. விரித்துப் பார்த்தார்.

"களவு போன வண்டிக்குப் பேர் மாத்துற ஃபோம்! வாங்கிறவர்ட பேர் இல்ல. ஆருக்கு இது?"

"மௌத்தானவர்ட தம்பிக்கு சேர். இவர் அடிச்சு ஒரு மனிசன் மௌத்து. பாவமெண்டு நான் நடுவில நிண்டனான்..."

"எங்க அடக்கினது?"

கேட்டது எஸ்.ஐ. இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஸல்ஹா!

"கி... கிண்ணியாவிலதான் புள்ள. நேத்துப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. நானும் ஜனாஸாவுக்குப் போனனான்."

"நேத்துக் கிண்ணியாவில ஒரு ஜனாஸாவும் இல்ல. ஊரில ஆர் மௌத்தானாலும் கபுறடியில முதல் ஆளா நிக்கிறது எங்கட வாப்பா. அவருக்குத் தெரியாம எந்த மௌத்த அடக்கினீங்க?"

ஸஹாப்தீனின் சிரிப்பு முதல் தடவையாகக் காணாமல் போனது.

எஸ்.ஐ. கான்ஸ்டபிளிடமிருந்து ஒரு பேப்பர்ப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். றஹ்மானின் கழுசான்!

"தங்கச்சி, நேற்று ஸ்டேஷனில சொன்னதை இவருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

"ரத்தக்கறையில செதிள் ஒட்டிக் கிடக்கு சேர். நான் ஒவ்வொரு நாளும் மீன் அறுக்கிறவள். எந்த ஊர் மனிசனுக்குச் செதிள் இருக்கு?"

"மீன் ரத்தமா!" றஹ்மான் அலறினான்.

"மீன் ரத்தம்தான்!" எஸ்.ஐ. சிரித்தார். "துறையடியில மீன் வண்டில் ரெண்டுதான். இண்டைக்கு விடிய ரெண்டையும் சோதிச்சம். ரெண்டாவது வண்டிலுக்குள்ள பிரேதம் படுத்துக் கிடந்து பீடி குடிக்குது! பேர் பக்கீர். போன மாசம் குச்சவெளியில செத்தவன். அதுக்கு முதல் இறக்கக்கண்டியில செத்தவன். செத்துச் செத்தே சீவிக்கிறான் ஐசே!"

"சேர், அவன் ஆரெண்டே எனக்குத் தெரியாது..." என்று ஸஹாப்தீன் ஆரம்பித்தார்.

"அவனுக்கு உம்மை நல்லாத் தெரியுது. புதுசா ஓடப் பழகிறவன் ஆர், எந்த வழியாப் போறவன், மலிவுப் பொலிசி எடுத்தவன் ஆர் எண்டு நீர் சொல்லுவீராம். அவன் போய் விழுவானாம். டெலிபோன் எடுக்கிறதும் நீர்தானாம்!"

ஸஹாப்தீன் உட்கார்ந்துவிட்டார். கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினான்.

றஹ்மான் குழந்தை மாதிரி அழுதான். கொலைகாரன் இல்லை! அவன் ஒருவரையும் கொல்லவில்லை!

"புள்ள, இதை நேத்தே என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னா நீங்க பொலிசுக்குப் போயிருப்பீங்களா? ஏஜன்ட் நானாட்டத்தான் ஓடியிருப்பீங்க. அதான் நான் போனனான். வண்டி என்ட பேரில. அதைக் களவெடுத்தீங்க எண்டு சொன்னா, அவங்க வந்துதானே ஆகோணும்!"

றஹ்மான் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தான்.

எஸ்.ஐ. அவன் தோளில் தட்டினார்.

"அழுது முடிஞ்சா ஜீப்பில ஏறும்."

"நானும் ஏறோணுமா? ஏன் சேர்? நான் ஒண்டும் செய்யல்லையே!"

"அந்த முறைப்பாட்டிலதான் இவரைப் பிடிச்சிருக்கிறம். அது பொய்யெண்டா என்ட கேசும் பொய்யாப் போகும். உண்மையைச் சொல்லும். வண்டியை எடுக்கேக்க ஒரு நாளாவது உம்மட பொஞ்சாதியிட்டக் கேட்டனீரா?"

றஹ்மான் யோசித்தான். பதினொரு நாளையும் ஒவ்வொன்றாக யோசித்தான்.

"இ... இல்ல சேர்."

"அப்ப களவுதான்! முறைப்பாட்டை வாபஸ் வாங்கினா விடலாம்." எஸ்.ஐ. திரைப் பக்கம் திரும்பினார். "எப்ப தங்கச்சி வாபஸ் வாங்கிறீங்கள்?"

திரை விலகியது. ஸல்ஹா வெளியே வந்தாள். புருஷனின் சட்டைப் பைக்குள் கையை விட்டு மோட்டர் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"நான் ஓடப் பழகின பிறகு, சேர்... பொலிசி என்ட பேரிலதானே!"