கறுப்புத் தகட்டின் முன்னால் ஒரு மூச்சு

முன்பு வாடகைக்கு இருந்தவர்கள் நாற்காலிகளைக்கூட எடுத்துக்கொள்ளாமல் காலி செய்திருந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஓசியில் நாற்காலி கிடைத்தால் கேள்வியா கேட்பார்கள்? அது ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கு. குளிரூட்டும் இயந்திரங்களைக் கழற்றி விற்று வருஷக்கணக்காகிறது. இருந்தும் உள்ளே ஈரச் சாக்கும் துருவும் கலந்த ஒரு வாடை. சாவியைக் கொடுத்த கட்டடக்காரர் வாசலைத் தாண்டவில்லை.

"உள்ள வந்து பாருங்களேன்."

"பார்த்தவரைக்கும் போதும்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலே நடையைக் கட்டினார்.

அண்ணிக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அண்ணி என்பது அவளுடைய பெயரல்ல. கிடங்கை வாடகைக்கு எடுத்த கம்பெனியில், விமானத்தில் பொருத்தும் கருவியைச் சோதித்துப் பறக்க அனுப்புகிற பொறியாளர் அவள். அவளுடைய கொழுந்தன் அங்கேயே மெக்கானிக். அவள்தான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டாள். அவன் "அண்ணி, அண்ணி" என்று வாய் ஓயாமல் கூப்பிட்டதில் மேலாளர்வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவளோ, வீட்டில் சர்க்கரை டப்பா ஒரு விரல் குறைந்தாலும் முதலில் கொழுந்தனைத்தான் பார்ப்பாள். அப்படி ஒரு பாசம்.

கருவி இதுதான்: பொருள்கள் விடும் வெப்பம் நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அதை வாங்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அசையாத கண்ணாடிக்கும், மறு பாதியை நகரும் கண்ணாடிக்கும் அனுப்பித் திரும்பச் சேர்க்கும். சேரும் அலைகளைக் கணக்குப் போட்டுப் பிரித்தால், படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் என்ன வாயு என்று தெரியும். விமானத்திலிருந்தே எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று காட்டிக்கொடுக்கும். ஊர்வம்புக்கென்றே செய்த கருவி.

பறக்குமுன் அதை அறையின் சூட்டிலேயே இருக்கும் ஒரு கறுப்புத் தகட்டைப் பார்க்கவைப்பார்கள். அப்போது அறைக்குள் யாரும் இருக்கக்கூடாது. மூச்சுவிட்டால் அதுவும் படத்தில் விழும்.

விழுந்தது.

தகட்டின் நடுவே, ஒரு ஆள் உயரத்தில், புகைபோல ஒரு கறை. மறைந்தது. திரும்ப வந்தது. மறுபடி மறைந்தது.

மேலாளர் படத்தைப் பார்த்தார். பிறகு கொழுந்தனைப் பார்த்தார். "சாவி உங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. விமானம் கிளம்புறதுக்குள்ள சுத்தமான படம் வரணும் அண்ணி. வரலைன்னா, உங்க கொழுந்தனை நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லிடுங்க."

அவர் போனதும் அண்ணி ஆரம்பித்தாள். "உண்மையைச் சொல்லு. உள்ள போய்த் தூங்கினியா?"

"நின்னுக்கிட்டா அண்ணி தூங்குவாங்க? எங்க அண்ணன்கூட என்னை இப்படி வேவு பார்த்ததில்ல."

"பேசாத. போய்த் தகட்டுக்கு முன்னாடி நின்னு ஊது. உன் மூச்சுதான்னு நான் காட்டறேன்."

அவன் ஊதினான். பக்கத்து அறைத் திரையில், கரியமில வாயுவைக் காட்டும் இடத்தில், வரைபடக் கோடு மேலே எம்பியது. சூடான மூச்சு அப்படித்தான் எம்பும்.

கறை விழுந்த பழைய படத்தை எடுத்து அதே இடத்தைப் பார்த்தாள்.

கோடு கீழே குழிந்திருந்தது.

திரும்பி வந்த கொழுந்தன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "கீழ போனா என்ன அர்த்தம் அண்ணி?"

"அந்த மூச்சு... அறையைவிடச் சில்லுனு இருக்கு."

"சில்லுனு மூச்சு விடற ஆளு யாரு?"

அண்ணி எழுந்து அந்த அறைக்குப் போனாள். கதவைத் தானே பூட்டினாள். இரண்டு சாவியும் அவள் கைக்குள். கொழுந்தனைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள். நம்பிக்கை வந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். கண்ணெதிரே இருக்கட்டும் என்றுதான்.

பூட்டிய அறைக்குள் கண்ணாடி நகரும் சத்தம். சர்ர்... சர்ர்...

முதல் படத்தில் கறை தகட்டை ஒட்டி இருந்தது.

அடுத்ததில் இன்னும் பெரிதாக.

அதற்கடுத்ததில் தகட்டின் பாதியை மூடிக்கொண்டு.

"அண்ணி," கொழுந்தன் கிசுகிசுத்தான், "அது பெருசாகல. கிட்ட வருது."

அப்புறம் திரை முழுக்க அதுதான்.

அப்புறம் ஒன்றுமில்லை. துடைத்து வைத்ததுபோலச் சுத்தமான படம். இன்னொன்று எடுத்தாள்; சுத்தம். இன்னொன்று, அதுவும் சுத்தம். அண்ணி மூச்சை இழுத்து விட்டாள். கருவியின் முன்னால் இல்லையென்றால் எங்குமே இல்லை என்று எடுத்துக்கொள்வது அந்தத் தொழிலில் பழக்கம். கறை படிந்த படங்களை அழித்தாள். நல்ல படத்தை மேலாளருக்கு அனுப்பினாள். கொழுந்தனின் வேலை தப்பியது. கருவியைப் பெட்டியில் அடைத்து, அவனே தூக்கிக்கொண்டு போய் விமானத்தில் பொருத்திவிட்டு வந்தான்.

"பெட்டி கொஞ்சம் கனமா இருந்துச்சு அண்ணி" என்றான்.

"சாப்பிடாம வந்திருப்ப."

விமானம் கடலுக்கு மேலே போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். வயர்லெஸ்ஸில் விமானியின் குரல் வந்தது. எப்போதும் கலகலப்பாகப் பேசுகிற பெண் அவள்.

"அண்ணி, துணைக்கு ஆள் அனுப்பறதா இருந்தா முன்னாடியே சொல்லக்கூடாதா? பின்னாடி உட்கார்ந்திருக்கறவர் பெல்ட்டே போடமாட்டேங்கறார்."

அண்ணி சட்டென்று திரும்பி முதலில் கொழுந்தனைத்தான் பார்த்தாள்.

அவன் அங்கேதான் நின்றிருந்தான். 

"பின்னாடி யாரையும் அனுப்பலைம்மா" என்றாள் அண்ணி. "கருவி மட்டும்தான்."

வெறும் இரைச்சல். பிறகு விமானியின் குரல், பின்னால் இருப்பவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல மிக மெதுவாக:

"எந்திரிச்சு வர்றார், அண்ணி."