கேட்காத படார்

மதியம் மூன்று மணி. அவசர சிகிச்சைப் பிரிவின் மருந்து பீரோவில் மார்ஃபின் குப்பி ஒன்று குறைந்தது.

"நான் எடுக்கலை டாக்டர்!" என்று நர்ஸ் அலறினாள்.

அந்த அலறல், முதல் கட்டிலில் கண்மேல் ஈரத்துணியோடு கிடந்த இன்ஸ்பெக்டரம்மாவின் மண்டைக்குள் ரயில்போல் புகுந்து வெளியேறியது. ஒற்றைத் தலைவலி. ஊரில் உள்ள கொல்லர்கள் அத்தனை பேரும் அவருடைய இடது நெற்றியில் பட்டறை போட்டிருந்தார்கள். அடுத்த தெருவில் கொசு கொட்டாவி விட்டாலும் கேட்கும் நிலை.

இரண்டாம் கட்டிலில் இன்னொரு பெண், அதே நோய். "தலையை வெட்டிப் போடுங்க" என்று முனகிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஸ்டூலை இழுக்காமல் தூக்கி நகர்த்தினார். வாந்தி பேசினை இரும்பு மேஜையில் வைக்குமுன் அடியில் கைக்குட்டையை விரித்தார். இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அந்த வலியிலும் கண் கலங்கியது.

"மேடம், கொஞ்சம் பொறுத்துக்கணும்," என்றார் டாக்டர். "போலீஸ் வர்ற வரைக்கும் பீரோவைத் தொடக்கூடாது. மேலிடத்து உத்தரவு. உங்க ரெண்டு பேர் ஊசியும் அதுக்குள்ளதான் இருக்கு."

"நான்தான்யா போலீஸ்!"

சொன்ன வேகத்தில் குமட்டியது. அடக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டர், என்ன நடந்துச்சு?"

"உங்க ஊசியை எடுக்கத்தான் பீரோவைத் திறந்தேன். எண்ணிப் பார்த்தேன், எல்லாம் சரியா இருந்துச்சு. அப்ப இந்தக்கா வாந்தி எடுத்தாங்க. ஓடினேன்."

"திறந்து போட்டுட்டா?"

"மூடிட்டுத்தான் ஓடியிருப்பேன். திரும்பி வந்தப்ப மூடித்தான் இருந்துச்சு. சாவியைத்தான் எடுக்க மறந்துட்டேன். என் வேலை போயிடும் மேடம்!"

"பீரோ பக்கம் யாரு போனா?"

ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் கையைத் தூக்கினார். "துடைப்பம் எடுக்கப் போனேன். அங்கதான் மாட்டியிருக்கும்."

"பேசின் எடுத்துட்டு வரச் சொன்னாங்க," என்றார் கணவர். "முதல்ல இவளுக்கு ஊசி போடச் சொல்லுங்க. அந்த வாந்தி ஊசியாவது போடுங்க!"

"காலையில அதைத்தானே வேண்டாம்னு சண்டை போட்டீங்க?" என்றார் டாக்டர்.

"பின்னே? தலை வெடிக்குதுங்கறா, வாந்தி ஊசிங்கறீங்க!"

"அது வாந்திக்கு மட்டும் இல்ல சார். இந்தத் தலைவலியையே அடக்கும். கூட ஒரு வலி ஊசி. மார்ஃபின் இதுக்குச் சரிப்படாது."

இன்ஸ்பெக்டரம்மா கையை உயர்த்தினார். "மூணு பேரும் அந்த பீரோ கதவை ஒரு தடவை திறந்து மூடுங்க."

"மேடம், உங்க தலை..."

"என் தலை, என் பாடு."

நர்ஸ் மூடினாள். படார்! இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஏழு உலகமும் தெரிந்தன. ஸ்ட்ரெச்சர்காரர் மூடினார். படார்! எட்டாவதும் தெரிந்தது. இரண்டாம் கட்டிலிலிருந்து ஓர் ஊளை.

கணவர் இடது உள்ளங்கையை இடுக்கில் கொடுத்து, கதவை லேசாகத் தூக்கி, பூனை பாலை நக்குவதுபோல் மூடினார். ஒரு சத்தமும் இல்லை.

"எத்தனை நாளா இப்படி மூடுறீங்க?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து. கதவு அடிச்சா இவ தாங்கமாட்டா..." சொல்லிக்கொண்டே வந்தவர் கதவிலிருந்து கையைச் சட்டென்று எடுத்தார்.

"சிஸ்டர் கதவை மூடலை," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "மூடியிருந்தா என் மண்டை சாட்சி சொல்லியிருக்கும். அவங்க திறந்துபோட்டு ஓடினப்புறம் படார்னு ஒண்ணும் கேட்கலை. ஆனா திரும்பி வந்தப்ப கதவு மூடியிருக்கு. அந்த பீரோவைச் சத்தமில்லாம மூட இங்க ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். அவசரத்துலயும் உங்க கை பழக்கத்தை விடலை சார்."

கணவர் சட்டைப்பையிலிருந்து உடையாத குப்பியை எடுத்து நீட்டினார்.

"ஊசி போடத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்புறம் எதுக்கு?"

"போன தடவை வேற ஆஸ்பத்திரியில இதைப் போட்டாங்க. தூங்கினா."

"மறுநாள்?" என்றார் டாக்டர்.

"வலி ரெண்டு மடங்கா வந்துச்சு," என்றவர் தலை குனிந்தார். "ஆனா அந்த ஒரு ராத்திரி தூங்கினாளே!"

"நீங்க இதை எடுத்ததாலதான் அவங்க ஊசி உள்ள பூட்டிக் கிடக்கு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். அதையும் சத்தமில்லாமல்.

"முதல்ல அவங்களுக்குப் போடுங்க. அப்புறம் எனக்கு. இவரு நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரட்டும்."

ஒரு மணி நேரத்தில் கொல்லர்கள் பட்டறையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இரண்டாம் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

"சிஸ்டர்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா, "அந்த பீரோவை உன் பாணியில ஒரு தடவை மூடு."

படார்!

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தூக்கிவாரிப் போட்டது கணவருக்கு மட்டும்தான்.