முகம் தெரிகிற ஒரு படம்

தம்பி வீட்டில் சில நாட்கள் தங்கிவிட்டு வந்து அவள் கதவைத் திறந்தபோது, பூட்டிக் கிடந்த வீட்டின் புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. வெளியே பட்டப்பகல். உள்ளே ஜன்னல்கள் சாத்தியிருந்ததால் இருட்டு. செருப்பைக் கழற்றியபடியே பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தாள்.

"வந்துட்டேங்க."

கணவர் இறந்துவிட்டது அதன்பிறகுதான் உறைத்தது.

அவளுக்கு இருந்தது ஒரே ஏக்கம். அவர் முகம் நன்றாகத் தெரிகிற ஒரு படம் வேண்டும். மனுஷன் ஊரையே படம் பிடித்தார்; கேமராவை மட்டும் யார் கையிலும் கொடுத்ததில்லை. அடையாள அட்டையில் இருந்த படமோ, அவரைப் பிடிக்காத யாரோ எடுத்தது போலிருக்கும்.

அவள் செல்போனில் படங்கள் நிறைந்து இடமில்லை. அவற்றை எங்கே மாற்றி வைப்பது என்று அவர் மேஜையைத் துழாவியபோது ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் அகப்பட்டது. கடைசியாக அவர் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"யாரு வச்சிருந்ததோ தெரியாதுக்கா. முதல்ல ஃபார்மேட் பண்ணு. எல்லாம் அழிஞ்சதும் உன் படத்தைப் போடு."

"உங்க மாமா படம் ஏதாவது இதுல இருந்தா?"

"சொன்னா கேளுக்கா."

அவள் கேட்கவில்லை. எதையும் அழிக்காமல் கம்ப்யூட்டரில் சொருகினாள். டிஸ்க் உறுமியது. பிறகு கேமரா பொத்தானை அழுத்துவது போல ஒரு சத்தம்.

டிக்.

திரையில் ஒரு படம் முளைத்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகு. இதே நாற்காலி. இன்று அவள் போட்டிருக்கும் இதே உடை.

டிக்.

இப்போது இன்னும் கிட்டத்தில் எடுத்தது.

பயம் வரவேண்டிய நேரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. இப்படித்தான் அவரும் சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து எடுப்பார்.

"நீங்கதானா?"

டிக்.

இந்தப் படத்தில் எதிரே இருக்கும் நிலைக்கண்ணாடியும் விழுந்திருந்தது. அதில் அவளுக்குப் பின்னால் ஒரு உருவம், முகத்தை மறைத்த கேமராவோடு. நிமிர்ந்து நிஜக் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் மட்டும்தான் இருந்தாள்.

"எத்தனை வருஷமா கெஞ்சறேன்," என்று கிசுகிசுத்தாள். "அதைக் கொஞ்சம் இறக்குங்களேன். உங்க முகத்தைப் பாக்கணும்."

கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்தாள்.

டிக்.

கேமரா இறங்கியிருந்தது. தன்னை ஆசையாகக் கூப்பிட ஒரு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் அந்த முகம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது.

அது அவர் இல்லை.

வயரைப் பிடுங்கி, டிஸ்க்கோடு தம்பி வீட்டுக்கு ஓடினாள். அவன் திட்டிக்கொண்டே அதைச் சுத்தியலால் அடித்து நொறுக்கிக் குப்பையில் போட்டான்.

ஆனால் தம்பி வீட்டில் எத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருக்க முடியும்? அங்கேயும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் அறைக் கதவு மூடிக்கொண்டது. ஒரு மத்தியானம் துணிப்பையோடு திரும்பி வந்தாள். பூட்டைத் திறந்தாள். செருப்பைக் கழற்றினாள். பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

"வந்துட்டேங்க."

உள்ளே இருட்டில், மிக அருகில், டிக் என்று கேட்டது.